மூன்று நாள் உயிரோடு இருந்த விதி: ப்ளிஸார்டும் உண்மைப் பெயரும்

இணையத்தில் சண்டை பெருகும்போதெல்லாம் ஒரு யோசனை தவறாமல் வரும். "எல்லாரும் சொந்தப் பெயர்லதான் எழுதணும்னு சொல்லிட்டா போதும், பாதிப் பேர் வாயை மூடிடுவாங்க." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். இதே யோசனையை ஒரு பெரிய வீடியோ கேம் நிறுவனம் 2010-ல் அதிகாரபூர்வமாக அறிவித்தது. மூன்றே நாளில் திரும்பப் பெற்றும் கொண்டது.

"ரசிகர்கள் கத்தினார்கள், நிறுவனம் பயந்துவிட்டது" என்று பலரும் இந்தக் கதையைச் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருவர்கூட எதிர்க்காமல் இருந்திருந்தாலும் அது தவறான திட்டம்தான். நோய் ஒன்று, கொடுத்த மருந்து வேறொன்று. ஒரு மென்பொருள்காரனாக அதை எப்படிப் பார்க்கிறேன் என்பதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதுகிறேன். அன்று போலவே இன்றும் இந்த யோசனை வெவ்வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது, அதனால் பழைய கதையைத் தூசி தட்டுவதில் பயன் உண்டு.

என்ன நடந்தது?

அமெரிக்காவின் ப்ளிஸார்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' அப்போது உச்சத்தில் இருந்தது. 2010 அக்டோபரில் அதன் சந்தாதாரர் எண்ணிக்கை 1.2 கோடி. அமெரிக்காவில் மாதச் சந்தா 14.99 டாலர். இவ்வளவு பேர் கூடுகிற இடத்தில் பேசுவதற்கு நிறுவனமே ஃபோரம் நடத்தியது. அங்கே எல்லா ஃபோரத்திலும் நடப்பதுதான் நடந்தது: வசவு, கிண்டல், வேண்டுமென்றே கிளறிவிடுவது.

2010 ஜூனில் 'ரியல் ஐடி' என்ற வசதி விளையாட்டுக்குள் வந்தது. நெருங்கிய நண்பர்கள் ஒருவரையொருவர் உண்மைப் பெயரில் பார்த்துக்கொள்ளலாம். விருப்பப்பட்டால் மட்டும். இதிலேயே ஒரு நெருடல் இருந்தது. உங்கள் நண்பரின் நண்பருக்கும் உங்கள் பெயர் தெரியும். ஆனால் பெரிய சத்தம் எழவில்லை.

ஜூலை 6 அன்று அடுத்த அறிவிப்பு வந்தது. இனி அதிகாரபூர்வ ஃபோரங்களில் எழுத வேண்டுமென்றால் கணக்கில் உள்ள முதற்பெயரும் குடும்பப் பெயரும் பதிவின் மேல் தெரியும். அந்த மாதம் 27-ல் வெளிவர இருந்த 'ஸ்டார்கிராஃப்ட் 2' ஃபோரத்தில் தொடங்கி, பிறகு 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஃபோரத்துக்கும் வரும் என்றார்கள். பழைய பதிவுகளுக்குப் பழைய பெயரே இருக்கும். ஆக்கபூர்வமான, நாகரிகமான உரையாடல் வளர வேண்டும் என்பது சொல்லப்பட்ட நோக்கம்.

எதிர்ப்புப் பதிவுகள் பல்லாயிரக்கணக்கில் குவிந்தன. இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக நிறுவனத்தின் ஃபோரத்தைக் கவனித்துவந்த ஊழியர் ஒருவர் தன் உண்மைப் பெயரை அங்கே எழுதினார். சில மணி நேரத்துக்குள் அந்தப் பெயரை வைத்துத் துருவி, முகவரி, தொலைபேசி எண், குடும்ப விவரம் என்று பொதுவில் போட ஆரம்பித்துவிட்டார்கள். திட்டத்தின் முதல் சோதனை ஓட்டம் இப்படி முடிந்தது.

ஜூலை 9 அன்று நிறுவனத்தின் தலைவரும் இணை நிறுவனருமான மைக் மோர்ஹைம், ஃபோரத்தில் எழுத உண்மைப் பெயர் தேவையில்லை என்று அறிவித்தார். "இப்போதைக்கு" என்ற சொல்லும் அதில் இருந்தது.

ஒரு சொல்லில் மூன்று விஷயங்கள்

"அடையாளம்" என்று ஒரே சொல்லில் நாம் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். பிரித்துப் பார்த்தால் ப்ளிஸார்ட் எங்கே சறுக்கியது என்பது தெரியும்.

முதலாவது, இடத்தை நடத்துபவருக்கு நீங்கள் யார் என்று தெரிவது. இரண்டாவது, இன்று பேசுகிற ஆள்தான் நேற்றும் பேசினார் என்பது எல்லாருக்கும் தெரிவது. இதைத் தொடர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது, அந்த ஆளின் சட்டபூர்வமான பெயர் உலகத்துக்கே தெரிவது.

முதலாவது ப்ளிஸார்டிடம் ஏற்கெனவே இருந்தது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு, மாதச் சந்தா, பெரும்பாலோருக்குக் கடன் அட்டை. யார் என்ன எழுதினாலும் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று நிறுவனத்தால் பார்க்க முடியும், கணக்கை முடக்கவும் முடியும். காசு போட்டு உருவாக்கிய கணக்கு போனால் வலிக்கும். அதாவது அங்கே யாருமே உண்மையில் அநாமதேயமாக இல்லை. எல்லாரும் புனைபெயரில் இருந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல.

இல்லாமல் போனது இரண்டாவது. அந்த ஃபோரத்தில் கணக்கின் பெயரில் எழுத முடியாது, விளையாட்டுக்குள் உருவாக்கிய ஏதோ ஒரு கதாபாத்திரத்தின் பெயரில்தான் எழுதுவார்கள். ஒரு கணக்கில் 50 கதாபாத்திரங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். வம்பு பண்ண நினைப்பவர் என்ன செய்வார்? ஒரு நிமிடத்தில் புதிதாக ஒரு முதல்நிலைக் கதாபாத்திரத்தை உருவாக்கி, அதை முகமூடியாகப் போட்டுக்கொண்டு வந்து திட்டிவிட்டுப் போவார். நாளைக்கு இன்னொரு முகமூடி. வாசிப்பவருக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாது. ஊரில் ஒருவருக்கு ஐம்பது முகம் இருந்தால் அவருக்கு நல்ல பெயரும் கிடையாது, கெட்ட பெயரும் கிடையாது.

ஆக, வேண்டியிருந்தது "ஒரு கணக்குக்கு ஒரே நிலையான பெயர்". அது 'கத்திரிக்காய்77' ஆக இருந்தாலும் போதும். அந்தக் கத்திரிக்காய் ஐந்து வருடமாக நல்ல ஆலோசனை சொல்கிறதா, ஐந்து வருடமாக வம்பு இழுக்கிறதா என்று எல்லாருக்கும் தெரிந்தால் போதும். ப்ளிஸார்ட் இரண்டாவதைச் சரிசெய்யாமல் நேராக மூன்றாவதுக்குத் தாவியது. தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசையைக் கூடுதலாகக் காட்டினால் முடிகிற வேலை என்று யாரோ நினைத்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பெயர் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது, திரையில் காட்ட வேண்டியதுதானே! எங்கள் தொழிலில் இந்த வகை எளிமை அடிக்கடி ஆபத்தானது. ஒரு தகவலை எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். பணம் வசூலிக்க வாங்கிய பெயர், பறைசாற்ற வாங்கிய பெயர் ஆகாது.

காலத்தின் காற்றும் அந்தப் பக்கம்தான் வீசியது. 2010 மே மாதத்தில்தான் ப்ளிஸார்ட் ஃபேஸ்புக்கோடு கைகோத்து, அங்குள்ள நண்பர்களை விளையாட்டில் கண்டுபிடிக்கும் வசதியை அறிவித்திருந்தது. உண்மைப் பெயரில் இயங்கும் சமூக வலைத்தளம்தான் எதிர்காலம் என்று எல்லாரும் நம்பிய நேரம் அது. அடுத்த வருடம் கூகுள் பிளஸ் இதே விதியோடு வந்து, இதே சண்டையில் சிக்கி, 2014-ல் விதியைக் கைவிட்டது.

பெயருக்குள் என்னென்ன இருக்கிறது?

"மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்குப் பெயர் சொல்வதில் என்ன பயம்?" என்று கேட்பார்கள். பெயர் என்பது வெறும் அடையாளக் குறி என்றால் இந்தக் கேள்வி சரி. ஆனால் பெயர் நிறையப் பேசும்.

முதலில், பெண்ணா ஆணா என்று சொல்லிவிடும். இணைய விளையாட்டுகளில் பெண் என்று தெரிந்தவுடன் பேச்சின் தொனி மாறுவது விளையாடும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பல பெண்கள் குரல் அரட்டையில் பேசுவதையே தவிர்க்கிறார்கள். அவர்களுக்குப் புனைபெயர் ஒரு தாழ்ப்பாள். 2010-ல் எதிர்த்தவர்களில் பெண்களும், தன்பாலினத்தவரும், திருநர்களும், பழைய துணையின் தொல்லையிலிருந்து தப்பி வாழ்பவர்களும் சொன்ன காரணம் இதுதான். 2014-ல் கேமர்கேட் என்ற பெயரில் பெண் விளையாட்டு வடிவமைப்பாளர்களின் வீட்டு முகவரிகளைத் தேடி எடுத்து மிரட்டியதைப் பார்த்த பிறகு, அந்தப் பயம் மிகை என்று யாரும் சொல்ல முடியாது.

நம் பக்கத்துக்கு வந்தால் இன்னும் சிக்கல். ஒரு இந்தியப் பெயர் பெரும்பாலும் மதத்தைச் சொல்லும், பல மாநிலங்களில் சாதியையும் சேர்த்தே சொல்லும். தமிழ்நாட்டில் சாதிப் பெயரை வால் மாதிரி ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தைப் பலர் விட்டுவிட்டோம், தலைப்பெழுத்தோடு நிறுத்திக்கொண்டோம். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கொண்ட அமெரிக்கப் படிவத்தில் அந்தத் தலைப்பெழுத்தை விரித்து அப்பாவின் பெயரை எழுதுகிறோம். அப்படிப் பார்த்தால், ஃபோரத்தில் என்னோடு சேர்ந்து என் அப்பாவின் பெயரும் திட்டு வாங்க வந்து நிற்கும்.

மூன்றாவது, எல்லாப் பெயரும் ஒரே அளவு வெளிப்படுத்தாது. தமிழ்நாட்டில் செந்தில்குமார் என்று தேடினால் ஆயிரக்கணக்கானோர் வருவார்கள், அந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் ஒளிந்துகொள்ளலாம். உலகத்திலேயே ஒரே ஒருவருக்கு உள்ள அபூர்வப் பெயர் என்றால் முதல் தேடலிலேயே வீடு வரை போய்விடலாம். "எல்லாருக்கும் ஒரே விதி" என்று சொல்லும் விதி எல்லாரையும் ஒரே மாதிரி பாதிக்காது. வேலைக்கு ஆள் எடுப்பவர் பெயரைத் தேடும்போது, இரவு இரண்டு மணிக்கு ஒரு அரக்கனைக் கொல்வது எப்படி என்று எழுதிய பதிவு முதலில் வந்து நின்றால் அதுவும் ஒரு விலைதான்.

விளையாட்டு உலகில் கோபம் எவ்வளவு சின்ன விஷயத்துக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 டிசம்பர் 28. 'கால் ஆஃப் டூட்டி' ஆட்டத்தில் 1.50 டாலர் பந்தயத்தில் இருவருக்குள் தகராறு. ஒருவர் வீட்டுக்குப் போலீஸை ஏவிவிடும் நோக்கத்தில், லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வேறொருவர் மூலம் கான்சஸ் மாநிலம் விச்சிட்டா நகரப் போலீஸுக்குப் பொய் அழைப்பு போகிறது. கொடுக்கப்பட்டது பழைய முகவரி. அங்கே குடியிருந்த, ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத 28 வயது மனிதர் வாசலுக்கு வந்தபோது சுடப்பட்டு இறந்தார். அழைத்தவருக்கு 2019-ல் 20 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. இது உண்மைப் பெயர் விதியால் நடந்ததல்ல. ஆனால் ஆட்டக் கோபத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் குறைக்கிற எந்தத் திட்டமும் இந்தச் சம்பவத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பெயர் தெரிந்தால் ஒழுங்கு வருமா?

சரி, இத்தனை விலை கொடுத்தாலும் ஃபோரம் நாகரிகமாகிவிடும் என்றால் யோசிக்கலாம். ஆகுமா?

நாடு முழுக்க இதைச் சோதித்துப் பார்த்தது தென் கொரியா. 2007 ஜூலையில் பெரிய தளங்களில் எழுதுபவர்கள் தங்கள் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2009-ல் அதை விரித்து, நாளொன்றுக்கு 1 லட்சம் பேர் வரும் தளங்களுக்கும் பொருந்தும் என்றார்கள். பெரும்பாலும் 13 இலக்கக் குடிமக்கள் பதிவு எண்ணை வைத்துச் சரிபார்ப்பார்கள். திரையில் புனைபெயர் காட்டிக்கொள்ளலாம். அந்த வகையில் ப்ளிஸார்டின் திட்டத்தைவிட இது மென்மையானது.

விளைவு? தீய பின்னூட்டங்களின் விகிதம் 2007-ல் இருந்த 13.9 சதவீதத்திலிருந்து மறு வருடம் 0.9 புள்ளிகள் மட்டுமே குறைந்ததாக அரசு தரப்புக் கணக்கே அப்போது செய்திகளில் வந்தது. யூடியூபின் கொரியப் பதிப்பு 2009 ஏப்ரலில் இந்த விதிக்குக் கட்டுப்பட மறுத்து, வீடியோ ஏற்றுவதையும் பின்னூட்டத்தையும் அங்கே நிறுத்திவிட்டது. பயனர்கள் நாட்டை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டுத் தொடர்ந்து எழுதினார்கள். 2012 ஆகஸ்ட் 23 அன்று கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக அந்த விதியை ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை, ஆட்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போகிறார்கள், பேச்சுரிமையை இப்படிக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் பொதுநலன் நிரூபிக்கப்படவில்லை என்பவை முக்கியமான காரணங்கள்.

"கொரியாவில் பெயர் திரையில் தெரியவில்லையே, அதனால்தான் பலிக்கவில்லை" என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான கேள்வி. இதற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு தரவு இருக்கிறது. 2016-ல் ரோஸ்ட், ஸ்டாஹெல், ஃப்ரே மூவரும் வெளியிட்ட ஆய்வு, ஒரு ஜெர்மன் மனுத் தளத்தில் 1,600-க்கும் மேற்பட்ட மனுக்களுக்கு வந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை அலசியது. அங்கே பெயரைக் காட்டி எழுதலாம், மறைத்தும் எழுதலாம். பெயரைக் காட்டியவர்களே அதிக ஆவேசமாக எழுதியிருந்தார்கள். இதை வைத்துப் "பெயர் போட்டால் கோபம் வரும்" என்று சொல்லிவிட முடியாது. பெயரைக் காட்டத் துணிந்தவர்கள் ஏற்கெனவே தங்கள் பக்கம் நியாயம் என்று உறுதியாக இருந்தவர்களாக இருக்கலாம். ஆனால் "பெயர் போட்டால் கோபம் அடங்கும்" என்ற எதிர் நம்பிக்கைக்கு இது நல்ல அடி. தான் சொல்வது நியாயம் என்று நம்புகிறவன் ஏன் பெயரை மறைக்க வேண்டும்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திட்டுவான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். சித்தப்பா, மாமா, மச்சான் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், தொலைபேசி எண்ணோடு தெரியும். தேர்தல் நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

உளவியலாளர் ஜான் சூலர் 2004-ல் எழுதிய கட்டுரையில், இணையத்தில் மனிதர்கள் கட்டவிழ்ந்து பேசுவதற்கு ஆறு காரணங்களை அடுக்கினார். அநாமதேயம் அதில் ஒன்று. எதிராளியைப் பார்க்க முடியாதது, பதில் உடனே வராதது, இதெல்லாம் ஒரு விளையாட்டுதானே என்ற உணர்வு ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஃபோரத்தில் பெயரைக் காட்டினாலும் மற்றவை அப்படியேதான் இருக்கும். 2012-ல் லாப்பிடாட்-லெஃப்ளர், பராக் இருவரும் இஸ்ரேலில் செய்த சோதனையில், பெயர் தெரியாததைவிடக் கண்ணுக்குக் கண் பார்க்காததே வசைக்குப் பெரிய காரணமாகத் தெரிந்தது.

கசிந்தால் என்ன ஆகும்?

கொரியக் கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு. எழுதுபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றால் அந்தத் தகவலை எங்கேயாவது சேர்த்து வைக்க வேண்டும். சேர்த்து வைத்தால் திருடன் வருவான். 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்ட் தளங்களிலிருந்து 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 5 கோடிதான். அதே வருடம் நவம்பரில் நெக்ஸான் நிறுவனத்தின் 'மேப்பிள்ஸ்டோரி' விளையாட்டிலிருந்து 1.32 கோடிப் பயனர்களின் தகவல்கள் போயின.

கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியும் பாலினமும் உள்ளேயே பொதிந்த ஒரு பதிவு எண் கசிந்தால்? கொரியாவில் அந்த எண்ணை மாற்றிக்கொள்ள வழி பிறந்ததே 2017-ல்தான், அதுவும் இன்னொரு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு. பெயரும் இதே ரகம். வெளியே போனது போனதுதான்.

ப்ளிஸார்ட் விவகாரத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான பின்குறிப்பும் இருக்கிறது. விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் வழங்கும் அமெரிக்க அமைப்பான ஈஎஸ்ஆர்பி தனியுரிமைச் சான்றும் வழங்குகிறது. ரியல் ஐடியால் தங்கள் தனியுரிமை போகிறது என்று பலர் அதற்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். பதில் அனுப்பும்போது, புகார் செய்த ஏறக்குறைய ஆயிரம் பேரின் மின்னஞ்சல் முகவரிகளும் எல்லாருக்கும் தெரியும்படி போய்விட்டன. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஒரு கட்டத்தில் போட வேண்டியதை இன்னொரு கட்டத்தில் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். தகவல்கள் பெரும்பாலும் இப்படித்தான் கசிகின்றன.

எது வேலை செய்தது?

ப்ளிஸார்டே பிறகு சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது. 2011 இறுதியில் 'பேட்டில்டேக்' என்ற முறையை அறிவித்தார்கள். நீங்களே தேர்ந்தெடுக்கும் ஒரு புனைபெயர், பின்னால் ஒரு எண். அதே பெயரை இன்னும் நூறு பேர் வைத்திருந்தாலும் எண் வேறுபடுத்திவிடும். கணக்கோடு ஒட்டிய, எல்லா விளையாட்டுக்கும் பொதுவான பெயர். தொடர்ச்சி கிடைத்தது, வீட்டு முகவரி வெளியே வரவில்லை. 2010-லேயே இதைச் செய்திருந்தால் அந்த மூன்று நாள் கூத்து நடந்திருக்காது.

இன்னொரு பாதையைக் காட்டியது 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' நடத்தும் ரயட் கேம்ஸ். அவர்கள் தங்கள் தரவைப் பார்த்தபோது தெரிய வந்தது இது: எப்போதும் நச்சாக நடப்பவர்கள் 1 சதவீதம்தான், மொத்த நச்சில் அவர்களுடைய பங்கு ஏறத்தாழ 5 சதவீதம். மீதியில் பெரும்பகுதி, அன்றைக்கு நாள் சரியில்லாத சாதாரண ஆட்களிடமிருந்து வந்தது. இந்தக் கண்டுபிடிப்பு முக்கியம் என்று நினைக்கிறேன். உண்மைப் பெயர் விதிக்குப் பின்னால் "முகமூடி போட்ட சில கெட்டவர்கள்" என்ற கற்பனை இருக்கிறது. பிரச்சினை அந்தச் சிலரிடம் இல்லை என்றால் முகமூடியைக் கிழித்து என்ன பயன்?

ரயட் செய்த ஒரு சின்ன மாற்றம்: எதிரணியோடு அரட்டை அடிக்கும் வசதியை இயல்பாக அணைத்து வைத்தார்கள். வேண்டுமென்பவர் தாமே இயக்கிக்கொள்ளலாம். எதிர்மறைப் பேச்சு 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது, நல்ல பேச்சு ஏறத்தாழ 35 சதவீதம் கூடியது. யாருடைய பெயரும் யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

மறுபக்கம்

உண்மைப் பெயர் எங்கேயுமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருத்துவ ஆலோசனை சொல்பவர் டாக்டரா என்று தெரிந்தாக வேண்டும். பொருள் விற்பவரின் பெயர் தெரிய வேண்டும். பொறுப்பான பதவியில் இருப்பவர் அந்தப் பதவியின் பேரில் பேசும்போது முகமூடி கூடாது. புனைபெயரில் ஒளிந்துகொண்டு ஒருவரை வருடக்கணக்கில் துன்புறுத்துகிறவர்களும் உண்டு. அவர்களால் பாதிக்கப்பட்டவர் "அது யார்னு தெரிஞ்சாகணும்" என்று கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்கு வழி, நிறுவனத்திடம் உள்ள தகவலை நீதிமன்ற ஆணையோடு கேட்டுப் பெறுவது. ஒரு குற்றவாளியைப் பிடிக்கக் கோடிப் பேரின் வீட்டுக் கதவைத் திறந்து வைப்பது அல்ல.

இன்று தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வந்துவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025-ல் மாநில அரசு கொண்டுவந்த ஒழுங்குமுறையில் ஆதார் வழியான சரிபார்ப்பும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடத் தடையும் இருந்தன. அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ஆகஸ்டில் பண விளையாட்டுகளையே தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கடனில் மூழ்கிய குடும்பங்களைப் பார்க்கும் அரசு, ஆடுபவர் யார், வயது என்ன என்று கேட்பதை நான் புரிந்துகொள்கிறேன். அது மேலே சொன்ன முதல் வகை, நடத்துபவருக்குத் தெரிவது. அங்கே கேட்க வேண்டியவை வேறு கேள்விகள். சரிபார்த்த பிறகு அந்தத் தகவல் எங்கே கிடக்கிறது? எத்தனை நாள்? வயது 18-க்கு மேல் என்ற ஒரே பதில் போதுமான இடத்தில் ஏன் முழு அடையாளமும் போகிறது?

அடுத்த முறை "எல்லாரும் உண்மைப் பெயரில் வரட்டும்" என்று ஒரு நிறுவனமோ அமைச்சரோ சொன்னால், மூன்று விஷயங்களில் எது வேண்டும் என்று முதலில் கேளுங்கள். தொடர்ச்சிதான் வேண்டும் என்றால் நிலையான புனைபெயர் போதும். குற்றவாளியைப் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் நடத்துபவரிடம் உள்ள பதிவு பெரும்பாலும் போதும். இரண்டும் போதாது, பெயர் திரையிலேயே தெரிய வேண்டும் என்று அடம்பிடித்தால், அதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேளுங்கள். ப்ளிஸார்டால் 2010-ல் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவர்களுக்காவது முகவரி வெளியே போன தங்கள் சொந்த ஊழியர் எதிரில் நின்றார், மூன்று நாளில் புரிந்துகொண்டார்கள்.